ஈ.என்.டி. சீட்டில் ஆறு மருந்து: இதில் எது முக்கியம் என்று யார் சொல்வது?

#1 பாளை மெடிக்கல்

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் பக்கம் பத்தொன்பது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். நேற்று நடந்ததை எங்கேயாவது எழுதினால்தான் மனசு ஆறும்.

முக்கூடலிலிருந்து ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர் என்பது விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும், தூளின் கறை அப்படியே ஏறியிருந்தது. ஆறு மாதமாக மூக்கடைப்பாம். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், ராத்திரி வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். சீட்டின் தலையில் டாக்டரே ஒவ்வாமை மூக்கடைப்பு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஆறு வரி.

முதல் வரி செஃபிக்ஸிம் 200 என்கிற ஆன்டிபயாட்டிக், காலை ராத்திரி ஐந்து நாள். அடுத்து ஒவ்வாமைக்கு லெவோசெட்ரிசினும் மான்டிலுகாஸ்டும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி ஒன்று. மூன்றாவது அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் ஒன்றாக இருக்கும் வலி மாத்திரை. அது வயிற்றைப் பிடிக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு முன் பான்டோபிரசோல். ஒரு சத்து மாத்திரை. கடைசியில், சீட்டின் மடிப்பில் பாதி மறைந்துபோய், ஃபுளூட்டிகசோன் மூக்கு ஸ்ப்ரே.

கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னேன். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அண்ணாச்சி, மூக்குல அடிக்கிறது வேண்டாம். அது ஒண்ணுக்கே ஒரு நாள் பீடிக் கூலி போயிரும். மாத்திரைய மட்டும் தாங்க."

ஒவ்வாமை மூக்கடைப்புக்கு அந்த ஆறில் உருப்படியாக வேலை செய்யக்கூடியது அந்த ஸ்ப்ரேதான். அதை விட்டுவிட்டு மீதி ஐந்தையும் வாங்குகிறேன் என்கிறார். சீட்டைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கக்கா" என்றேன். "பஸ் போயிரும் அண்ணாச்சி" என்று மாத்திரைகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்ப்ரே பெட்டி கவுண்டர் மேலேயே இருந்தது.

ஆறு மருந்து எழுதும்போது இதில் எது முக்கியம் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் என்ன? டாக்டர்கள், நோயாளிகள், மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். மனசு விட்டுச் சொல்லுங்கள்.

#2 முதுகலை இரண்டாமாண்டு

வணக்கம் அண்ணாச்சி. நான் ஈ.என்.டி. முதுகலை படிக்கிறேன். என் ஆய்வே ஓ.பி. சீட்டுகளைப் பற்றித்தான், அதனால் உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

சீட்டை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1993ல் ஒரு கையேடு போட்டது. அதில் சீட்டைப் பார்த்துக் கேட்கவேண்டியது ஐந்தே கேள்விதான். சராசரி எத்தனை மருந்து, எத்தனை கம்பெனிப் பெயரில் இல்லாமல் பொதுப்பெயரில் எழுதப்பட்டவை, எத்தனை சீட்டில் ஆன்டிபயாட்டிக், எத்தனை சீட்டில் ஊசி, எத்தனை மருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மருந்து சராசரி இரண்டுக்குள்ளும் ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் 30 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் நல்லது என்று ஆய்வுகளில் ஒப்பிடுவார்கள்.

ஆனால் இதை ஈ.என்.டி.க்கு அப்படியே பொருத்தினால் தப்பாகிவிடும். அந்த அளவுகோல் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரியான பொது ஓ.பி.யை மனதில் வைத்துச் செய்தது. காதில் சீழ் வடிகிறவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து எழுதுவது சரியான வைத்தியம், ஆனால் கணக்கில் அதுவும் ஒரு ஆன்டிபயாட்டிக் சீட்டுதான். மூக்குக்கு ஸ்ப்ரேயும் உப்புத்தண்ணீர்க் கழுவலும் எழுதினால் மருந்து எண்ணிக்கை கூடும், ஆனால் அது நல்ல சீட்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

எனக்கு அதைவிட உதவியாக இருப்பது 2017ல் அதே நிறுவனம் கொண்டுவந்த வகைப்பாடு. ஆன்டிபயாட்டிக்குகளை எளிதில் கிடைக்கவேண்டியவை, கவனமாகக் கொடுக்கவேண்டியவை, கடைசிக்கு வைத்துக்கொள்ளவேண்டியவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது, டாக்சிசைக்ளின் எல்லாம் முதல் வகை. அண்ணாச்சி சொன்ன செஃபிக்ஸிமும், ஊரெல்லாம் ஓடுகிற அசித்ரோமைசினும் இரண்டாவது வகை. நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் 60 சதவீதமாவது முதல் வகையாக இருக்கவேண்டும் என்றிருந்த இலக்கை, 2024ல் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் 2030க்குள் 70 என்று உயர்த்தினார்கள். நம்மூரில் சாதாரணத் தொண்டை வலிக்கே இரண்டாவது வகையிலிருந்து ஆரம்பிக்கிறோம். ஒவ்வாமைக்கோ எந்த வகையும் வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரி சீட்டில் பொதுப்பெயர் கணக்கு நன்றாகவே வரும். 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்ததிலிருந்து மருந்தை மொத்தமாக வாங்கி அனுப்புகிறார்கள், பெரும்பாலும் அந்தக் கழகத்தின் பட்டியலுக்குள்தான் எழுதுகிறோம். வெளிச்சீட்டில்தான் ஒரே மருந்துக்கு நாற்பது பெயர்.

#3 தாழையூத்துக்காரன்

எல்லோரும் டாக்டரைக் குறை சொல்கிற மாதிரி இருக்கிறது. என் தம்பி கதையைக் கேளுங்கள். சின்ன வயதிலிருந்து வலது காதில் சீழ். "வளர்ந்தா சரியாயிரும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கல்லூரி முதல் வருடம் காதுக்குப் பின்னால் வீங்கி, தலைவலியும் வாந்தியுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது என்றார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக், அப்புறம் ஆபரேஷன். பிழைத்ததே பெரிசு. ஆகவே மாத்திரை ஜாஸ்தி, மாத்திரை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் பயந்து ஒன்றுமே சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

#4 இருபது வருட ஓ.பி.

தம்பி, நீங்கள் சொன்னது முக்கியம், முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். நானும் ஈ.என்.டி.தான், இந்த மாவட்டத்திலேயே இருபது வருடமாகப் பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் வீக்கம், ஒரு பக்கம் முகம் கோணுவது, விடாத தலைவலி, சீழோடு சேர்ந்த தலைசுற்றல், வாயைத் திறக்க முடியாத அளவுக்குத் தொண்டை வலி, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது இதெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டிய விஷயம். அங்கே ஆன்டிபயாட்டிக் உயிரைக் காப்பாற்றும்.

ஆனால் உங்கள் தம்பிக்கு அத்தனை வருடமும் இல்லாமல் போனது மாத்திரை இல்லை. யாராவது காதைச் சுத்தம் செய்து, செவிப்பறை ஓட்டையைப் பார்த்து, எந்த மாதிரிச் சீழ் என்று பிரித்துச் சொல்லியிருக்கவேண்டும். சாதாரணமாகச் சீழ் வடிகிற காதுக்கு, வாய் வழி மாத்திரையைவிடச் சொட்டு மருந்து மேல். கணக்கு எளிது. சிப்ரோ சொட்டு மருந்து 0.3 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 3000 மைக்ரோகிராம். அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான் வரும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் சீழை உறிஞ்சி எடுக்காமல் அதன் மேலேயே சொட்டு விட்டால் மருந்து உள்ளே போகாது. சுத்தம் செய்யப் பத்து நிமிஷம் ஆகும். மாத்திரை எழுத பத்து வினாடி.

அண்ணாச்சி கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். வெளியே எழுபது டோக்கன் இருக்கும்போது ஒவ்வாமை என்றால் என்ன, ஏன் ஸ்ப்ரே, எத்தனை நாளில் கேட்கும் என்று பேச நேரம் இல்லை. பேசாத இடத்தை மாத்திரை நிரப்புகிறது. சளி மஞ்சளாக இருக்கிறது, ஒருவேளை பாக்டீரியாவாக இருந்தால் என்று ஒரு ஆன்டிபயாட்டிக். சளியின் நிறத்தை வைத்து மட்டும் அதைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். பத்து நாளுக்கு மேல் குறையாமல் இருந்தாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோ, ஆரம்பத்திலேயே கடும் காய்ச்சலோடு மூக்கில் சீழ் வந்தாலோதான் யோசிக்கவேண்டும். தெரிந்தும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் குறையவில்லை என்றால் நோயாளி வேறு டாக்டரிடம் போவார், அவர் எழுதுவார், "அந்த டாக்டர்தான் கரெக்டா கொடுத்தாரு" என்று பேச்சாகும் என்ற பயம் அது. அப்படி எழுதியது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

#5 தச்சநல்லூர் டீச்சர்

டாக்டரம்மா, இப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் மகன் குறுக்குத்துறையில் தினமும் ஆற்றில் குதித்துக் குளித்தான். காது அடைப்பு, அப்புறம் அரிப்பு. எங்கள் ஆச்சி பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினார். நான் வீட்டில் இருந்த பழைய ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை விட்டேன். ஒரு வாரம் கேட்கிற மாதிரி இருந்தது, மறுபடி வந்தது, மறுபடி விட்டேன். ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுங்கள் என்று மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கினேன்.

கடைசியில் ஈ.என்.டி.யில் காட்டியபோது கருவியில் தெரிந்ததை எனக்கும் திரையில் காட்டினார்கள். நனைந்த செய்தித்தாளைக் கசக்கி அடைத்த மாதிரி, அதன்மேல் கரும்புள்ளி கரும்புள்ளியாக. காளான். ஆன்டிபயாட்டிக் சொட்டைத் திரும்பத் திரும்ப விட்டால் பாக்டீரியா சாகும், அந்த ஈரத்தில் காளான் வசதியாக வளரும் என்றார்கள். உறிஞ்சி எடுத்துவிட்டு க்ளோட்ரிமசோல் சொட்டு மட்டும் எழுதினார்கள். தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு மருந்துச் சீட்டு. எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "இவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் நாம் எல்லோரும் கேட்கிறது, இல்லையா?

#6 வண்ணார்பேட்டை பேரன்

எங்கள் ஆச்சிக்கு எழுபத்தி நாலு வயது. படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றும் என்பார். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். முதலில் காட்டின இடத்தில் சின்னரிசின் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளைக்குத்தான் எழுதியிருந்தது. நாங்கள் அதே சீட்டைக் காட்டிக் காட்டி இரண்டு வருடம் வாங்கினோம். கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரைப் பிடித்தால் தட்டில் சிந்தும். நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது. வயசு என்று நினைத்தோம்.

போன வருடம் ஒரு ஈ.என்.டி. டாக்டர் ஆச்சியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சடாரென்று சாய்த்துக் கண்ணைப் பார்த்தார். கண் துடித்தது. அப்படியே தலையை மெதுவாக அடுத்த பக்கம், அப்புறம் உடம்போடு சேர்த்துப் புரட்டி, எழுப்பி உட்காரவைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. சுற்றல் நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நடுக்கம் குறைய மாதக்கணக்கில் ஆனது. ஆச்சி இப்போது தானே காபி ஆற்றுகிறார்.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது "பத்து நாள் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு?" என்று யாராவது கேட்டிருந்தால்! நான் கேட்கவில்லை. கடையிலும் கேட்கவில்லை.

#7 இருபது வருட ஓ.பி.

அது எப்ளி முறை தம்பி. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறி அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் வைத்தியம். 1992ல் எப்ளி இதை எழுதினார். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. சின்னரிசினும் புரோகுளோர்பெரசினும் நாலைந்து நாள் வாந்தி, மயக்கத்தை அடக்கத்தான். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் வரும். எங்கள் ஓ.பி.யில் தலைசுற்றல் என்று வருகிறவர்களின் பழைய சீட்டை நான் முதலில் கேட்பது இதற்குத்தான். ஒன்று மட்டும். வீட்டில் யூடியூப் பார்த்து ஆச்சியின் கழுத்தைத் திருப்பாதீர்கள், முதல் தடவை டாக்டர் செய்யட்டும்.

#8 பை தூக்குகிறவன்

நான் மெடிக்கல் ரெப். பெயர் வேண்டாம். ஸ்ப்ரேயை எப்படி அடிப்பது என்று நோயாளிக்குக் காட்ட எங்களுக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை, கூட்டு மாத்திரையின் மாத இலக்குதான் கேட்கப்படும். கூட்டு மருந்துகளில் பலதுக்கு அடிப்படையே இல்லை என்றுதான் 2016ல் ஒரே நாளில் 344 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. ஜலதோஷ மாத்திரைகளும் அவற்றில் இருந்தன. டாக்டரம்மா, மான்டிலுகாஸ்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாத் தும்மலுக்கும் அது ஓடுகிறது.

#9 இருபது வருட ஓ.பி.

மான்டிலுகாஸ்டுக்கு 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. மனநிலை மாறுவது, தூக்கம் கெடுவது, தற்கொலை எண்ணம் வருவது எல்லாம் அதில் இருக்கிறது. வெறும் ஒவ்வாமை மூக்கடைப்புக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். ஆஸ்துமா கூட இருந்தால் கதை வேறு. குழந்தை ராத்திரி அலறி எழுந்தாலோ, திடீரென்று எரிந்து விழுந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொண்டை வலிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ். உப்புத்தண்ணீர் கொப்பளிப்பு, பாராசிட்டமால் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகம் வந்தால் அமாக்சிசிலின் பத்து நாள் முழுசாக, ஏனென்றால் அதை விட்டால் பிள்ளைகளுக்கு இதய வால்வைத் தாக்கும் வாதக் காய்ச்சல் வரலாம். கடையில் கேட்டு வாங்குகிற "மூணு நாள் மாத்திரை" அசித்ரோமைசின். மூன்று நாளில் நிறுத்தினாலும் அது பல நாள் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருக்கும். அந்தக் குறைந்த அளவில்தான் கிருமி பழகிக்கொள்ளும்.

#10 பாளை மெடிக்கல்

எல்லோருக்கும் நன்றி. வண்ணார்பேட்டைத் தம்பி, கடையிலும் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய சீட்டை நீட்டினால் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கும் உண்டு. இனிமேல் தேதியைப் பார்க்காமல் கொடுக்கமாட்டேன்.

அந்த அக்கா விஷயம். செஃபிக்ஸிம் எச்1 அட்டவணை மருந்து. 2014 மார்ச்சிலிருந்து அதற்குத் தனிப் பதிவேடு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். நான் பக்கத்தில் ஃபோன் நம்பரும் எழுதி வைப்பேன். அது இப்போது உதவியது.

இன்று காலை கிளினிக்கில் எடுத்தார்கள், டாக்டரே பேசினார். கோபப்படவில்லை. "ஸ்ப்ரேய வாங்கலையா? அது இல்லாம மத்ததெல்லாம் எதுக்கு?" என்று அவரே கேட்டார். ஆன்டிபயாட்டிக்கையும் வலி மாத்திரையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், லெவோசெட்ரிசின் தனியாகப் போதும் என்றார். அக்காவுக்கு ஃபோன் போட்டேன். இரண்டு வேளைதான் சாப்பிட்டிருந்தார். மாலையில் மீதியைக் கொண்டுவந்தார். வெட்டாத அட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஸ்ப்ரேயைக் கொடுத்தேன், கையில் காசு மிச்சமே இருந்தது.

அப்புறம் அடித்துக் காட்டச் சொன்னேன். தலையை அண்ணாந்து, நடு எலும்பைப் பார்த்து அடித்து, சர்ரென்று உறிஞ்சினார். அப்படிச் செய்தால் மருந்து தொண்டைக்குத்தான் போகும், நடு எலும்பில் பட்டுப் புண்ணாகி ரத்தமும் வரும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, நுனி வெளிக்கண் ஓரத்தைப் பார்க்கவேண்டும், மெதுவாக மூச்சு. நாலு தடவை செய்து பார்த்தார். முதல் நாளே திறக்காது, ஒரு வாரம் இரண்டு வாரம் தினமும் அடித்தால்தான் தெரியும் என்றேன். பீடி சுற்றும்போது மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டச் சொன்னேன். "அத எல்லாரும் கட்டினா நானும் கட்டுதேன்" என்றார்.

#11 முதுகலை இரண்டாமாண்டு

அண்ணாச்சி, அடைப்பை உடனே திறக்கிற ஆக்சிமெட்டசோலின் சொட்டையும் இந்த ஸ்ப்ரேயையும் ஜனங்கள் ஒன்றாக நினைக்கிறார்கள். அந்தச் சொட்டை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மூக்கு அதற்கே அடிமையாகி முன்பைவிட அடைக்கும். உங்கள் பதிவோடு இதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

#12 தச்சநல்லூர் டீச்சர்

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இந்த இழையைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் மூன்று காது சொட்டு பாட்டில் இருக்கிறது. ஒன்றில் ஜென்டாமைசின் என்று போட்டிருக்கிறது. எத்தனை நாள் வைக்கலாம்?

#13 பாளை மெடிக்கல்

திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போடுங்கள் டீச்சர், பாட்டிலில் காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. புதுசாக வாங்கும்போது திறந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஜென்டாமைசினை யாருக்கும் தானாக விடவேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையே கெடுக்கலாம். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. டாக்டர் எழுதிய சொட்டு என்றால், விடுவதற்கு முன் பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் பொத்திவையுங்கள். ஃபிரிட்ஜ் குளிரோடு விட்டால் பையனுக்குத் தலை சுற்றும்.

#14 தச்சநல்லூர் டீச்சர்

மூன்றையும் போட்டாச்சு. ஒன்றில் 2021 என்று இருந்தது.